ஓஸ் பைப்பின் மறுமுனை

திருப்பூரில் என் மாமா பையன் ஒரு சின்ன பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். கட்டிங், தையல், பேக்கிங் எல்லாம் மேலே. தரைக்கு அடியில் துணி ரோல் அடுக்கும் குடோன். ஒரு ஐப்பசி மழையில் ராத்திரியோடு ராத்திரியாகத் தெருச்சாக்கடை நிரம்பி, படி வழியாக இறங்கி, குடோனில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது வாடகைக்கு எடுத்த ஐந்து எச்.பி. ஆயில் இன்ஜின் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை ஓஸ் பைப் தெருவைத் தாண்டி, எதிர்ச் சந்துக்குள் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முடிந்தது.

"ஓஸ் முனை எங்கீங்கண்ணா இருக்குது?" என்று இன்ஜின்காரரைக் கேட்டேன்.

"வேற எங்கீங்க, பள்ளத்துலதான்" என்றார், அதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி.

எங்கள் பக்கம் பள்ளம் என்றால் ஓடை. சங்கனூர்ப் பள்ளம், சங்கிலிப் பள்ளம் என்று ஊருக்கு ஊர் பெயர் வைத்திருக்கிறோம். மழைத்தண்ணீர் தானாக ஓடிப்போகும் வழி அது. எல்லாப் பள்ளமும் கடைசியில் ஏதோ ஒரு குளத்திலோ நொய்யலிலோ போய்ச் சேரும். குடோனிலிருந்து வெளியேறிய தண்ணீரும் அங்கேதான் போனது. மாமா பையனுக்கு அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை, அவனைக் குறை சொல்லவும் முடியாது. நனைந்த துணியை வைத்துக்கொண்டு அவன் நின்ற நிலையில் நானாக இருந்தாலும் இன்ஜின்காரரைத்தான் முதலில் கூப்பிட்டிருப்பேன்.

ஆனால் அன்றிலிருந்து அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. இந்தியாவில் தயாராகும் பம்புகளில் ஏறக்குறைய பாதி கோவையிலிருந்து போகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவதில் நமக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவையில்லை. ஊருக்குள் தேங்கிய அழுக்குத் தண்ணீரை இறைக்கிறபோது மட்டும், டெலிவரி பைப்பின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

முதலில், அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வானத்திலிருந்து விழும்போது மழைநீர் கிட்டத்தட்ட சுத்தமானது. தரையில் பட்டதும் கதை மாறிவிடுகிறது. ரோட்டில் வண்டிகள் சிந்திய ஆயிலும் டீசலும், பிரேக் தேய்ந்த தூளும், டயர் துகளும் மாதக்கணக்கில் படிந்து கிடக்கும். குப்பைத்தொட்டிச் சாறு, மாட்டுச் சாணம், இறைச்சிக் கடைக் கழிவு, லேத் பட்டறையின் கட்டிங் ஆயில், முலாம் பூசும் பட்டறைகளின் உலோக உப்பு எல்லாம் கூட வரும். இதற்கெல்லாம் மேலே மனிதக் கழிவு. மழைநீர் வடிகாலும் சாக்கடையும் தனித்தனி என்று காகிதத்தில் இருக்கும். நம் ஊர்களில் பல வீடுகளின் செப்டிக் டேங்க் நிரம்பி வழிவது அந்த மழைநீர் வடிகாலில்தான். ஆக, தேங்கிய வெள்ளம் என்பது மழைநீரில் கரைத்த சாக்கடை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதில் முதல் மழைக்குத் தனிக் குணம் உண்டு. நெடுநாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் மழையின் முதல் அரைமணி நேரத் தண்ணீர்தான் தெருவில் சேர்ந்த அழுக்கில் பெரும்பகுதியை வழித்துக்கொண்டு வரும். பின்னால் வருவது அதைவிட எவ்வளவோ தெளிவு. நம் ஊரில் இது இரட்டைச் சிக்கல். கோவையில் சித்திரை, வைகாசிக் கோடைமழை திடீரென்று ஒரு மணி நேரம் கொட்டும். லங்கா கார்னர் மாதிரி ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கிற இடமெல்லாம் பத்தே நிமிடத்தில் குளமாகிவிடும். அந்தத் தண்ணீர்தான் வருஷத்திலேயே அழுக்கு மிகுந்தது. அதை இறைத்துக் கொண்டுபோய் விடுகிற நேரத்தில் நொய்யலில் சொட்டு நல்ல தண்ணீர் ஓடாது, குளங்களும் வற்றிப்போய்க் கிடக்கும். கரைத்து நீர்க்கச் செய்ய அங்கே நல்ல தண்ணீர் இல்லை. கார்த்திகை வெள்ளத்தைவிட கோடைமழை வெள்ளத்தை இறைப்பதுதான் குளத்துக்கு மோசம் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, குளத்துக்குள் போன பிறகு என்ன ஆகிறது? இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் விஷயத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

ரயில் பாலத்துக்கு அடியில் 60 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்துக்கு, சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 720 கன மீட்டர், அதாவது 7 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். ஆறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்றால், சுமாரான பத்து எச்.பி. பம்பு இதை இரண்டரை, மூன்று மணி நேரத்தில் காலி செய்துவிடும். பாலம் திறந்துவிடும், பேருந்து ஓடும், செய்தியும் முடிந்துவிடும்.

தண்ணீரில் இருக்கும் மக்கக்கூடிய கழிவைப் பாக்டீரியாக்கள் தின்னும்போது, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதைத்தான் பி.ஓ.டி. என்று அளக்கிறார்கள். நேரடிச் சாக்கடையில் அது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். சுத்திகரித்த கழிவுநீரை ஆறு, குளங்களில் விட வேண்டுமென்றால் 30க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. பாலத்தடித் தண்ணீருக்கு 100 என்றே கொள்வோம். 7 லட்சத்து 20 ஆயிரம் லிட்டருக்கு 72 கிலோ ஆக்சிஜன் வேண்டும். நல்ல தண்ணீரில், நம் ஊர் வெப்பத்தில், லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அப்படியானால் 72 கிலோ என்பது 90 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரில் இருக்கும் மொத்த ஆக்சிஜன்.

ஒரே பாலத்தின் ஒரு மழைக்கு இவ்வளவு. காற்றிலிருந்து ஆக்சிஜன் மறுபடி கரைந்துகொண்டே இருக்கும், பாக்டீரியாவும் ஒரே நாளில் எல்லாவற்றையும் தின்றுவிடாது. அதனால் இந்தக் கணக்கை அப்படியே குளத்தின் மேல் ஏற்றிவிடக் கூடாது. ஆனால் பைப் முனை விழுகிற மூலையில், முதல் ஓரிரு நாளில், மீனுக்கு மூச்சு முட்டும் என்பது நிச்சயம். ஆக்சிஜன் 5க்குக் கீழே போனால் மீன் தடுமாற ஆரம்பிக்கும். 2க்குக் கீழே போனால் பெரும்பாலானவை தாங்காது. ஜிலேபி மீன் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நம் ஊர்க் குளங்களில் இன்றைக்கு வலையில் விழுவது பெரும்பாலும் ஜிலேபியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மழை நின்று இரண்டாம் நாள், மூன்றாம் நாள் விடியற்காலையில் மீன் செத்து மிதப்பது ஏன் என்பதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. கழிவு சேர்ந்த குளம் பச்சைப்பாசி பிடித்திருக்கும். பகலில் வெயில் இருந்தால் பாசி ஆக்சிஜனை விடும், இரவில் அதுவும் மற்ற உயிர்களைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆக, விடிவதற்குச் சற்று முன்னால்தான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. மழைக்காலத்தில் பகலெல்லாம் மேகமூட்டம் என்றால் பகல் சம்பாத்தியமும் குறைந்துபோகும். அந்த நேரம் பார்த்து நாம் சாக்கடை கலந்த வெள்ளத்தை உள்ளே இறக்குகிறோம். காலையில் நடக்கப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். 'குளத்தில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்' என்று பேச்சு கிளம்பும். பெரும்பாலும் அதற்கு விஷமே தேவைப்படுவதில்லை.

கிருமிகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். எலிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, டைபாய்டு. காலில் சின்னக் கீறல் இருந்தாலும் அந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது. அன்றைக்கு எங்கள் இன்ஜின்காரர் வெறுங்காலோடு இறங்கி, பம்பு தண்ணீரை உறிஞ்சும் வாயான ஃபுட்வால்வில் அடைத்த துணித் துண்டை எடுத்துவிட்டு வந்தார். ஒரு ஜோடி கம்பூட் வாங்கிக்கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று பிறகு வருத்தப்பட்டேன்.

உலகத்தில் இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் சந்தித்த ஊர் என்றால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். 2005 ஆகஸ்ட் 29ஆம் தேதி கத்ரினா புயல் கரையேறியது. வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்து, ஊரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரில் மூழ்கியது. நகரத்தின் பல பகுதிகள் கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் தண்ணீர் தானாக வடிய வழியே இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஊர் பம்பை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. பால்ட்வின் வுட் என்ற பொறியாளர் 1913ல் வடிவமைத்த ராட்சத ஸ்க்ரூ பம்புகள் அந்த ஊர்க்காரர்களுக்கு நமக்குக் காளிங்கராயன் கால்வாய் மாதிரி. புயலில் கரண்டு போய், ஆளும் இல்லாமல், பம்பு நிலையங்களே தண்ணீருக்குள் நின்றன.

அப்புறம் உடைப்புகளை அடைத்து, ஒவ்வொரு பம்பாக உயிர் கொடுத்து, தண்ணீரை வடக்கே உள்ள பாண்ட்சர்ட்ரெய்ன் ஏரிக்குள் தள்ளினார்கள். நடுவில் செப்டம்பர் 24ஆம் தேதி ரீட்டா என்ற இன்னொரு புயல் வந்து சில பகுதிகளை மறுபடி மூழ்கடித்தது. எல்லாம் வடிந்தது என்று அறிவிக்க அக்டோபர் 11 ஆகிவிட்டது.

சுத்திகரிக்காமலேயே ஏரியில் விட்டார்கள். அவ்வளவு தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையம் உலகத்தில் எங்கும் கிடையாது. வைத்துக்கொண்டிருந்தால் ஊரில் இன்னும் உயிர்கள் போகும். எண்ணெயும் குப்பையும் ஏரிக்குள் போகாமல் கால்வாய்களில் மிதவைத் தடுப்பு போட்டார்கள், மற்றபடி இறைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்த முடிவு சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பத்திரிகைகள் அந்தத் தண்ணீரை நச்சுக் குழம்பு என்றே எழுதின. ஏரி செத்துவிடும், பல வருஷத்துக்கு மீளாது என்று பயந்தார்கள்.

லூசியானாவின் ஆய்வாளர்கள் படகில் போய் மாதிரி எடுத்துச் சோதித்தபோது கிடைத்தது வேறு மாதிரி இருந்தது. மலக்கிருமிகள் மிக அதிகம், ஆக்சிஜன் மிகக் குறைவு, ஈயமும் ஆர்செனிக்கும் குடிநீர் அளவைத் தாண்டி இருந்தன. இருந்தாலும் மொத்தத்தில் பார்த்தால், அந்த ஊரில் ஒவ்வொரு பெருமழைக்கும் தெருவிலிருந்து வடியும் தண்ணீரின் தரம்தான் அது. அளவு மட்டும்தான் யாரும் கண்டிராதது. ஏரியில் கால்வாய் முகத்துவாரங்களை ஒட்டிக் கிருமிகள் எகிறின. வெயிலும் உப்பும் அவற்றைக் கொன்றுபோட்டன. ஓரிரு மாதத்தில் ஏரி பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

எனக்கு முக்கியமாகப் பட்டது இதற்கு அடுத்த பாகம். தண்ணீர் போன பிறகு ஊரில் என்ன மிச்சமிருந்தது? வீட்டுக்குள், ரோட்டில், பள்ளிக்கூட மைதானத்தில் எல்லாம் சேறு. ஈயம், ஆர்செனிக், டீசல் கழிவு, தார்ப் பொருள்கள் எல்லாம் அந்தச் சேற்றில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. சேறு காய்ந்து பொருக்காகி, பொடியாகிக் காற்றில் பறந்தது. வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவர்களுக்கு நாள்கணக்கில் இருமல், அதற்குக் கத்ரினா இருமல் என்றே பெயர் வந்தது. அந்தச் சேறு எவ்வளவு ஆபத்து என்பதில் அரசாங்கமும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் ஒத்துப்போகவே இல்லை. பக்கத்தில் உள்ள செயின்ட் பெர்னார்ட் பகுதியில் எண்ணெய் ஆலை ஒன்றின் டேங்க் மிதந்து நகர்ந்து, பத்து லட்சம் காலனுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டி, சுமார் 1,800 வீடுகளைப் பாழாக்கியது. அதை முழுவதும் பம்பால் இறைத்துவிட முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்ததைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளிய படங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

நியூ ஆர்லியன்ஸ் கதையைச் சொல்லி, 'பார்த்தீர்களா, ஏரி தானே சரியாகிவிட்டது, நாமும் கவலைப்பட வேண்டாம்' என்று பேசுகிறவர்கள் உண்டு. அங்கேதான் தப்பு நடக்கிறது. பாண்ட்சர்ட்ரெய்ன் ஏரியின் பரப்பு 1,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். சராசரி ஆழம் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கடலோடு தொடர்பு உள்ள உப்பங்கழி அது, அலையும் ஓதமும் தண்ணீரைப் புரட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். நம் கோவை வாலாங்குளம் 160 ஏக்கர். அதாவது ஏரி அதைவிடச் சுமார் 2,500 மடங்கு பெரியது. உக்கடம் பெரியகுளமே 320 ஏக்கர்தான். இவை கடலைப் பார்த்ததில்லை. நொய்யலிலிருந்து வாய்க்கால் பிரித்து, ஒரு குளம் நிரம்பி அடுத்த குளத்துக்குப் போகிற மாதிரி பழையவர்கள் கோத்துவைத்த சங்கிலியில் ஒவ்வொன்றும் ஒரு கண்ணி. மேலே உள்ள குளத்தில் நாம் விட்டது கீழே உள்ள குளத்துக்குப் போகும். கடைசிக் குளத்துக்குப் பிறகு ஆறு.

ஆறும் மிசிசிப்பி அல்ல. வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவை, சூலூர், சோமனூர், மங்கலம், திருப்பூர் என்று வந்து, ஒரத்துப்பாளையம் அணையைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரில் காவிரியோடு சேர்கிறது. மழைமறைவுப் பிரதேசத்தின் ஆறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் ஓடுவது நம் ஊர்களின் கழிவுதான். அடித்துக்கொண்டு போய்க் கடலில் சேர்க்கும் வேகம் அதற்கு மழை பெய்யும் சில நாள்கள் மட்டுமே உண்டு.

ஒரத்துப்பாளையத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டாம். 1992ல் திறந்த அணை. ஈரோடு, கரூர்ப் பக்கம் பாசனத்துக்கு என்று கட்டியது. மேலே திருப்பூரில் சாயப்பட்டறைகள் பெருகப் பெருக, அணையில் சேர்ந்தது சாயத்தண்ணீர். பருத்தி நூலுக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும், லிட்டருக்குப் பல பத்து கிராம் என்ற கணக்கில். சாயத்தின் நிறத்தையாவது நீக்கலாம், மக்கும் கழிவைப் பாக்டீரியா தின்றுவிடும். உப்பு என்ன செய்தாலும் உப்பாகவே இருக்கும். அது மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்பு வழியாகக் கிணற்றுக்குப் போனது. தென்னை காய்ந்தது, மாடு தண்ணீர் குடிக்க மறுத்தது. கடைசியில் எந்த விவசாயிகளுக்காக அணை கட்டினார்களோ அவர்களே, இந்த அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கோர்ட்டுக்குப் போக வேண்டிய நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது இந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான். அதன் பிறகே சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை அங்கே நிலைபெற்றது. அதற்குத் திருப்பூர் செய்த செலவும் பட்ட பாடும் பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வெள்ளநீரை இறைப்பதற்கும் சாயத்தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடியான சம்பந்தம் உண்டு. நொய்யல் கரையில் குடியிருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஆற்றில் வெள்ளம் வருகிற ராத்திரிகளில்தான் நுரையும் வரும். ஆறு நிரம்பி ஓடும்போது எதை விட்டாலும் தெரியாது என்ற துணிச்சல் எங்கோ சிலருக்கு இன்னும் இருக்கிறது. பம்பு வைத்து இறைப்பதும் அதே நேரத்தில்தான் நடக்கிறது. யார் எதை இறைத்தார்கள் என்று அன்றைக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. குடோனை இறைக்கிறவனுக்கும், டேங்கைக் காலி செய்கிறவனுக்கும், செப்டிக் லாரிக்காரனுக்கும் ஒரே பள்ளம்தான். 2011 நவம்பரில் திருப்பூரின் ஜம்மனை ஓடையிலும் சங்கிலிப் பள்ளத்திலும் வெள்ளம் வந்து கரையோர வீடுகளை இழுத்துக்கொண்டு போனபோது, ஓடைகளை எவ்வளவு குறுக்கிவிட்டோம் என்று ஊரே பேசியது. ஓடைக்குள் எதை விடுகிறோம் என்பது அந்தப் பேச்சில் அதிகம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டுக் குளங்கள் அழகுக்கு வெட்டியவை அல்ல. பாசனத்துக்கும் பூமிக்குள் தண்ணீர் இறங்கவும் வெட்டினார்கள். ஆயிரம் அடிக்கு போர் போடுகிற ஊர் இது, குளம் நிறைந்தால் சுற்றுவட்டாரத்தில் போரில் தண்ணீர் ஏறும் என்று சந்தோஷப்படுகிறோம். குளத்தில் கழிவு நிறைந்தாலும் அதே வழியாகத்தான் கீழே இறங்கும். கிருமிகளை மண் வடிகட்டிவிடலாம், நைட்ரேட்டையும் உப்பையும் வடிகட்டாது. ஆகாயத்தாமரையை ஒவ்வொரு வருஷமும் ஜே.சி.பி. வைத்து அள்ளுகிறோம். அது வளர்வதற்கு உரம் போட்டுக்கொண்டிருப்பது நம் வடிகால்கள்தான். குளத்தடிச் சேற்றில் படிந்த பாஸ்பரஸ், மேலே ஆக்சிஜன் குறைகிறபோது மறுபடி தண்ணீருக்குள் கரைந்து வரும். ஒரு மழையில் விட்டது வருஷக்கணக்கில் பாசியாக வந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் இறைக்காமல் விட்டுவிடலாமா என்றால், கூடாது. தேங்கிய தண்ணீரில் கரண்டு பாய்ந்து ஆள் சாகலாம், கொசு பெருகும், ஆம்புலன்ஸ் போக வழியிருக்காது. இறைத்தே ஆக வேண்டும். எப்படி இறைப்பது, எங்கே விடுவது, எதை விடாமல் நிறுத்துவது என்பதில்தான் நமக்குச் செய்ய இடமிருக்கிறது.

சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பலாமே என்று தோன்றும். கோவையில் உக்கடம் நிலையம் நாளைக்கு 7 கோடி லிட்டர், ஒண்டிப்புதூர் நிலையம் 6 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் அளவில் கட்டியவை. மழை நாளில் சாக்கடைக் குழாய்களுக்குள் மழைநீரும் புகுந்து ஏற்கெனவே நிரம்பியிருக்கும். வெள்ளம் முழுவதையும் அங்கே தள்ளினால், கழிவைத் தின்னும் பாக்டீரியாக்களையே அடித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் மழை விட்ட பிறகும் பல நாள் நிலையம் சரியாக வேலை செய்யாது. ஆனால் முதல் அரைமணி நேரத் தண்ணீரை மட்டும் பாலத்துக்குப் பக்கத்தில் மூடிய தொட்டியில் பிடித்துவைத்து, மழை விட்ட பிறகு ராத்திரியில் சாக்கடை ஓட்டம் குறைகிற நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்ப முடியும். முன்னே போட்ட கணக்குப்படி ஒரு பாலத்துக்கு ஏழு லட்சம் லிட்டர். ஒரு பெரிய மேல்நிலைத் தொட்டி அளவுதான். அதில் பாதி இருந்தாலே அழுக்கில் பெரும்பங்கு அடங்கிவிடும்.

தொட்டி கட்டப் பணம் வேண்டும், இடம் வேண்டும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குக் காசே தேவையில்லை. ஃபுட்வால்வைத் தரையில் போடாமல் இருப்பது. தேங்கிய தண்ணீர் சில மணி நேரம் அசையாமல் நின்றால் மண்ணும் உலோகமும் அடியில் படியும், ஆயில் மேலே மிதக்கும். நடுவில் இருப்பதுதான் ஓரளவு தெளிந்த தண்ணீர். சக்‌ஷனை ஒரு டிரம்மில் கட்டி மிதக்கவிட்டு, மேல்படலத்துக்கு ஒரு முழம் கீழே வாய் இருக்கிற மாதிரி வைத்தால் நடுத்தண்ணீர் மட்டும் போகும். மேலே மிதக்கிற ஆயிலைத் தேங்காய்நார் அடைத்த சாக்குகளைப் போட்டு உறிஞ்சவைக்கலாம். கடைசி ஒரு அடித் தண்ணீரையும் சேற்றையும் பள்ளத்துக்குள் விடாமல் கழிவு உறிஞ்சும் லாரியில் ஏற்றிவிட வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் கற்றுக்கொடுத்தது இதைத்தான்: ஓடிப்போன தண்ணீரை ஏரி சமாளித்தது, அடியில் நின்ற சேறுதான் ஊரைப் படுத்தியது. நாம் அந்தச் சேற்றையும் கலக்கி, வேகமாகச் சுழலும் பம்பில் அடித்துக் குளத்துக்கு அனுப்பிவிடுகிறோம். 'அடிவரைக்கும் சுத்தமா இழுத்துட்டோம்' என்பது நம் ஊரில் நல்ல வேலைக்கு அடையாளம். அந்தப் பழக்கம்தான் மாற வேண்டும். இன்ஜின்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால் ஒரே நாளில் புரிந்துகொள்வார்கள். தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

டெலிவரி முனையையும் எங்கே விடுவது என்று முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். குளத்தில் மீன் குத்தகை இருக்கிற மூலை, பறவைகள் கூடு கட்டும் மரங்கள் உள்ள பக்கம், குடிநீர்ப் போருக்குப் பக்கம் என்று தவிர்க்க வேண்டிய இடங்கள் ஒவ்வொரு குளத்திலும் உண்டு. கல் அடுக்கிய சரிவில் தண்ணீரைச் சிதறவிட்டு இறக்கினால் கொஞ்சம் ஆக்சிஜனாவது சேரும். இறைத்த நாள், நேரம், எத்தனை மணி நேரம், எங்கே விட்டது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, கீழே உள்ள குளத்துக்காரர்களுக்கும் கரூர் மாவட்டத்து ஆத்துப்பாளையம் வரைக்கும் உள்ள ஊர்களுக்கும் ஒரு போன் பண்ணிச் சொன்னால், அவர்கள் மதகை மூடுவதா திறப்பதா என்று முடிவு செய்துகொள்வார்கள். இன்றைக்கு அவர்களுக்கு நுரை வந்து சேர்ந்த பிறகுதான் சேதி தெரிகிறது.

குடோன் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு மதியம் வரைக்கும் ஓஸில் வந்தது பால் ஊற்றாத டீ நிறத்தில் இருந்தது. மூன்று மணிக்கு மேல் கெட்டியாக, கறுப்பாக மாறியது. அழுகின முட்டை வாடை. எதிர்ச் சந்துக்குள் போய் ஓஸ் முனையைப் பார்த்தேன். பள்ளத்தின் பக்கச்சுவரில் வழிந்து, கீழே ஓடிய மழைத்தண்ணீரில் கலக்காமல் ஓரமாகவே தனிக் கறுப்புக் கோடாக நெடுந்தூரம் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்து மாமா பையனிடம் சொன்னேன். அவன் ஒரு நிமிஷம் பேசவில்லை. "நிறுத்தச் சொல்லு மாப்ளே" என்றான்.

இன்ஜினை நிறுத்தினோம். கணுக்கால் அளவுக்கு மிச்சமிருந்தது. கட்டிங் டேபிளில் வேலை பார்க்கும் இரண்டு பேரும் நாங்களும் கையுறை போட்டு, தகர முறத்தால் சேற்றை வழித்துச் சாக்கில் கட்டினோம். இருபத்திமூன்று சாக்கு வந்தது. குப்பை வண்டிக்காரர் ஈரச்சாக்கை ஏற்ற மாட்டேன் என்றார், அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால் காயட்டும் என்று நாலு நாள் வாசலிலேயே அடுக்கிவைத்திருந்தோம். ராத்திரி மறுபடி தூறல் போட்டது. கரைந்து ஓடிவிடக் கூடாது என்று மாமா பையன் எழுந்து வந்து பழைய தகரம் இரண்டை எடுத்து அதன் மேல் போட்டு, பறக்காமல் இருக்கக் கல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.